இரவுக்கு நீர், பகலுக்கு வயல்: பெருங்கொக்குகளின் குளிர்கால இடங்களைக் கணக்கெடுப்பது எப்படி?

மாட்டின் பின்னால் நடக்கிற வெள்ளைப் பறவையைத்தான் நாம் கொக்கு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இங்கே பேசுவது கிரேன் எனப்படும் பெருங்கொக்கைப் பற்றி. கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். பெருங்கொக்கு கழுத்தை நீட்டி, வழிநெடுகக் குரல் கொடுத்தபடி போகும். செங்கால் நாரையும் கழுத்தை நீட்டும், ஆனால் ஊமை. மரக்கிளையில் உட்கார்ந்திருந்தால் அது பெருங்கொக்கு அல்ல என்று தள்ளிவிடலாம்.

மேற்கு இந்தியாவில் கூட்டம் கூட்டமாகக் குளிர்காலம் கழிப்பவை இரண்டு இனங்கள். சிறியது டெமாய்செல் கிரேன். ராஜஸ்தானில் இதைக் குர்ஜா என்பார்கள். கழுத்தின் கருமை நெஞ்சு வரை இறங்கித் தொங்கும், கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் குஞ்சம் இருக்கும். பெரியது காமன் கிரேன். இதன் கருமை கழுத்தோடு நின்றுவிடும், உச்சந்தலையில் சிவப்புத் திட்டு உண்டு. இரண்டும் ஒரே கூட்டத்தில் கலந்து நிற்கும், ஆகவே படிவத்தில் தனித்தனிப் பத்தி போடுங்கள். குஜராத்தின் சின்ன ரண் (உப்புச் சதுப்பு வெளி), நள் சரோவர், கட்ச்சின் சாரி தண்ட் போன்ற இடங்களில் அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் ஒருமுறை கணக்கு எடுத்தால் பருவத்தின் போக்கு தெரியும்.

பறவை எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் போய் எழுதிவருவதுதான் பலரும் செய்யும் தவறு. அதில் கிடைப்பது ஒரு பட்டியல். அந்த இடத்தைப் பறவை விரும்புகிறதா, வேறு வழியில்லாமல் நிற்கிறதா என்பது அதிலிருந்து தெரியாது. காலியாகக் கிடக்கும் நிலத்தையும் அதே கவனத்தோடு எழுத வேண்டும்.

முதலில் இரவு தங்குமிடம். செயற்கைக்கோள் படத்தில் ஆழமற்ற, கரையில் மரமோ புதரோ இல்லாத நீர்நிலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆடுமாடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள். எந்தப் பக்கம் விடியற்காலையில் சத்தம் கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தேவையானவை: 8x42 அல்லது 10x42 பைனாகுலர், முக்காலியோடு ஸ்பாட்டிங் ஸ்கோப் (பறவை பார்க்கும் தொலைநோக்கி), திசைகாட்டி, கையில் அழுத்தும் எண்ணி இரண்டு (இனத்துக்கு ஒன்று). சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் முன்பே போய், நீரிலிருந்து குறைந்தது 400 மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஒவ்வொரு கூட்டமும் வரும்போது நேரம், வந்த திசை, எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். திசையை விட்டுவிட்டால் மறுநாள் எந்த வயலுக்குப் போவது என்று திண்டாட வேண்டியிருக்கும்.

பெரிய கூட்டத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்த அகலத்தைக் கண்ணில் பதித்து, அதை வைத்து அளந்துகொண்டே போங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் கண் பெரும்பாலும் குறைத்தே சொல்லும். ஒரு படம் எடுத்து, பிறகு திரையில் எண்ணிச் சரிபாருங்கள். ஒரே வட்டாரத்தில் நான்கு தங்குமிடம் இருந்தால் நான்கிலும் ஒரே மாலையில் ஆள் இருக்க வேண்டும். இன்று இங்கே, நாளை அங்கே என்று எண்ணினால் இடம் மாறும் கூட்டம் இரண்டு முறை கணக்கில் ஏறும். முழுநிலா நாளைத் தவிர்ப்பது நல்லது, இருட்டிய பின்னும் வந்துகொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இருப்பதால் பறவைகள் கிளம்பும்போது எடுக்கும் காலைக் கணக்கை மட்டும் நம்பவும் வேண்டாம்.

பறவைகள் வயலுக்குப் போன பிறகு, நண்பகலுக்கு முன், சென்டிமீட்டர் குறித்த கம்போடு தங்குமிடத்தில் இருபது இடத்திலாவது ஆழம் பாருங்கள். நரியும் நாயும் சத்தமில்லாமல் நெருங்க முடியாத அளவுக்கு நீர் வேண்டும், நின்றபடி தூங்கும் அளவுக்கு ஆழம் குறைவாகவும் இருக்க வேண்டும். ரண் சேற்றில் தனியாக இறங்காதீர்கள், மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே வாங்கும். கரையில் தடம் பார்க்கலாம்: முன்விரல் மூன்றும் தெளிவாக இருந்து பின்விரல் பதியாமல் இருந்தால் பெருங்கொக்கு. கொக்கின் தடத்தில் பின்விரல் நீளமாகப் பதிந்திருக்கும். நீர் வற்ற வற்றத் தங்குமிடம் நகரும் என்பதால், அக்டோபரில் அளந்த ஆழத்தை ஜனவரிக் கணக்கில் போடக்கூடாது.

அடுத்தது வயல். வண்டிப்பாதையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போய், கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வண்டியை விட்டு இறங்க வேண்டாம். ஆளைக் கண்டுதான் பறக்கும், வண்டியை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும், பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருபுறமும் 200 மீட்டருக்குள் என்ன பயிர், எந்த நிலை என்று எழுதுங்கள். ‘நிலக்கடலை’ என்று மட்டும் எழுதினால் போதாது. கடலை பிடுங்கிய மறுவாரம் மண்ணில் தங்கிய காய்களுக்காகக் கூட்டம் மொய்க்கும். அதே நிலத்தை உழுது தண்ணீர் பாய்ச்சிவிட்டால் அந்தத் தீனி போய்விடும். உயர்ந்து நிற்கும் ஆமணக்கிலும் பருத்தியிலும் இறங்கத் தயங்கும், சுற்றிலும் பார்வை வேண்டும் அதற்கு. பறவை இருந்தால் எண்ணிக்கை, தலையைத் தூக்கி நோட்டமிடுபவை எத்தனை, அருகிலுள்ள மின்கம்பிக்கும் வீட்டுக்கும் நீருக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் சேருங்கள்.

கணக்கு எளிது. பார்த்த நிலத்தில் 20 சதவீதம் கடலை பிடுங்கிய நிலம், பார்த்த 50 கூட்டங்களில் 30, அதாவது 60 சதவீதம், அங்கே என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3. ஒன்றுக்கு மேல் போனால் தேடிப் போகிறது, கீழே வந்தால் ஒதுக்குகிறது என்று பொருள். கூட்டத்தைத்தான் எண்ண வேண்டும், தலையை அல்ல. ஆயிரம் பறவை ஒரே வயலில் இறங்கினால் அது ஆயிரம் முடிவு அல்ல, ஏறக்குறைய ஒரே முடிவு.

ராஜஸ்தானின் கீச்சனில் ஊர்மக்களே தானியம் போடுகிறார்கள். 2025-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம் அது. பார்க்க அருமையான காட்சிதான், ஆனால் அங்கே எண்ணியதை வயல் கணக்கோடு கலந்தால் முடிவு கோணிவிடும். இப்படி ஒரே இடத்தில் நெருங்கி நிற்பதில் ஆபத்தும் உண்டு. இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் 2021 டிசம்பரில் பறவைக் காய்ச்சலால் 5,000-க்கும் மேற்பட்ட காமன் கிரேன்கள் செத்தன. செத்த பறவையைக் கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்து உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். மின்கம்பிக்குக் கீழே கிடந்தால் கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். பறவை மோதாதபடி கம்பியில் பளிச்சென்ற தகடு மாட்டச் சொல்லிக் கேட்கும்போது அந்த எண்தான் கைகொடுக்கும்.