கடலட்டையை எண்ணிய பின் பிடியுங்கள்

இலங்கையின் வடமேற்குக் கரையில் கடலட்டைச் சுழியோட்டம் ஏறக்குறைய ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை நடக்கிறது. மற்ற மாதங்களில் காற்றே கடலை மூடிவிடுகிறது என்று கடற்றொழிலாளர் சங்கம் வாளாவிருந்துவிடலாகாது. எதிர்க்கரையான தூத்துக்குடியில் வெள்ளை அட்டை என்னும் கடலட்டை வகை மார்ச் முதல் மே வரையும் ஆண்டின் கடைசி மாதங்களிலும் மிகுதியாக முட்டையிடுகிறது. இங்கும் அவ்வாறெனில், தொழிற்பருவத்தின் தொடக்கமும் முடிவும் இனப்பெருக்கக் காலத்தின்மேல் விழுகின்றன. ஆகவே ஓய்வு மாதத்தைக் காற்றிடம் விடாமல் சங்கமே குறிக்க வேண்டும். மாலையில் ஓர் அட்டை முன்னுடலை நிமிர்த்தி மெல்ல அசைவதைச் சுழியோடிகள் கண்டால், அது முட்டையோ விந்தோ வெளியிடும் நேரம். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு பிடிப்பை நிறுத்துங்கள்.

எண்ணுவதில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. வெள்ளை அட்டை பகலில் மணலுக்குள் புதைந்து, மாலைக்குப் பின் மேலே வருகிறது. வாடை மழையில் நீரின் உப்பு குறைந்தாலும் புதைந்துகொள்ளும். எனவே மழைக்கு மறுநாள் எண்ணிவிட்டு அட்டை அழிந்துவிட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். 50 மீற்றர் கயிற்றைத் தரையில் விரித்து, இருபுறமும் ஒவ்வொரு மீற்றர் அகலத்தில் எண்ணினால் 100 சதுர மீற்றருக்கான கணக்குக் கிடைக்கும். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே நேரத்தில், அதே இடத்தில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.

தொட்டவுடன் சுருங்கும் உயிரை அளவுகோலால் அளப்பது பயனற்றது. நீர் வடிந்த பின் நிறுத்துப் பார்ப்பதே நலம். சுமார் 200 கிராமுக்குக் குறைந்தது பெரும்பாலும் இன்னும் முட்டையிடாதது. கரையில் அட்டையைப் பதனிடும் வாடியில் அளப்பதும் காலங்கடந்த வேலையே, ஏனெனில் காய்ந்த அட்டையில் உயிரெடையின் இருபதில் ஒரு பங்களவே மிஞ்சும். இந்தியா 1982இல் 75 மில்லிமீற்றருக்குக் குறைந்த பதனிட்ட அட்டையின் ஏற்றுமதியைத் தடுத்தது. அப்படியிருந்தும் 2001இல் அங்கு பிடிப்பையே முற்றாகத் தடைசெய்யும் நிலை வந்தது.

முட்டையும் விந்தும் நீரில்தான் கலக்கின்றன. தாய் அட்டைகள் ஐதாகிவிட்டால் கரு உண்டாகாது. குஞ்சுகள் சாதாழை எனும் கடற்புல்லின் இலைகளில் ஒட்டி வளர்ந்து, விரல்நக அளவானதும் மணலுக்கு இறங்குகின்றன. பெரியவை சற்று ஆழத்தில் மிகுதி. ஆதலால் பிடிப்புக்கு மூடும் பகுதி சாதாழைத் திட்டையும் அதையொட்டிய ஆழமணலையும் ஒருங்கே உள்ளடக்க வேண்டும். சிறியவற்றை வள்ளத்திலிருந்து வீசாமல், எடுத்த இடத்திலேயே கையால் மணலில் வைத்து விடுங்கள்.