டெங்கு: துப்புரவுக் குழுவை முதலில் எங்கே அனுப்புவது? எக்செலில் கணக்குப் போட்டு முடிவெடுக்கும் முறை

2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். மழை தொடங்கினால் கொழும்பில் இன்றும் அதே கேள்விதான்: இருக்கிற கொஞ்ச ஆட்களை கொட்டாஞ்சேனைக்கு அனுப்புவதா, வெள்ளவத்தைக்கா? செல்வாக்குள்ளவர் கேட்ட இடத்துக்கு முதலில் போவது அநியாயம். எக்செல் தெரிந்த யாரும் இந்தக் கணக்கைப் போடலாம்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள். "டெங்குவை ஒழிப்பது எப்படி" என்று கேட்டால் வேலை நகராது. "ஜூனில் எந்த மூன்று கிராம அலுவலர் பிரிவுகள் முதலில்?" என்று கேளுங்கள்.

படி 2: தரவு சேருங்கள். பிரிவுவாரியாக நோயாளர் எண்ணிக்கை, சனத்தொகை, பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) பரிசோதித்த வீடுகள், நுளம்புக் குடம்பி இருந்த பாத்திரங்கள். பெயர்கள் வேண்டாம். கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவார்களா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எண்ணிக்கை நோயாளரின் வீட்டு முகவரிப்படியா, சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிப்படியா எனப் பாருங்கள். இது குழம்பினால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் பிரிவுதான் எப்போதும் முதலிடம் பிடிக்கும்.

படி 3: வீதம் காணுங்கள். ஒரு கற்பனை உதாரணம்: 4,000 பேர் வாழும் பிரிவில் 24 நோயாளர், 1,500 பேர் வாழும் பிரிவில் 15 நோயாளர். ஆயிரம் பேருக்கு முதலாவதில் 6, இரண்டாவதில் 10. அவசரம் இரண்டாவதில்தான்.

அடுத்த நிரலில் பிரேட்டோ சுட்டெண்: குடம்பி இருந்த பாத்திரங்களை 100ஆல் பெருக்கி, பரிசோதித்த வீடுகளால் வகுங்கள். 80 வீடுகளில் 12 பாத்திரம் என்றால் 15. நோயாளர் எண்ணிக்கை நடந்து முடிந்ததைக் காட்டும். இந்தச் சுட்டெண் வரப்போவதை ஓரளவு காட்டும். அதனால் இரண்டிலும் மேலே நிற்கும் பிரிவுகளே முதல் தெரிவு.

படி 4: தெரிவு விதியைத் தரவு கைக்கு வருமுன்னே எழுதி, கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுங்கள். பட்டியல் வந்த பிறகு விதி எழுதினால் அது யாருக்காவது வசதியாக வளையும்.

படி 5: பலன் கிடைத்ததா? பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மழை விட்டால் டெங்கு தானாகவே குறையும். துப்புரவுக்கு முன், பின் என்று மட்டும் பார்த்தால் எல்லாமே வெற்றியாகத் தெரியும். துப்புரவுக்கு முன் இதே அளவு டெங்கு இருந்த, ஆனால் இன்னும் முறை வராத பிரிவுகளோடு ஒப்பிடுங்கள். அதுவும் உடனே வேண்டாம். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வரவே 4 முதல் 10 நாள் ஆகும், பதிவாக இன்னும் சில நாள். மூன்று, நான்கு வாரம் கழிந்த எண்களை எடுங்கள்.