கட்டடக்கலை படிக்கலாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நன்றாகப் படம் வரைகிறாள், ஆர்க்கிடெக்சரில் சேர்த்துவிடலாம்" என்று முடிவெடுப்பதும் தவறு; "எனக்கு வரையவே வராது, வேண்டாம்" என்று ஒதுங்குவதும் தவறு. இந்தப் படிப்பு கேட்பது ஓவியம் அல்ல. ஓர் இடத்தைக் கிடைமட்டமாக வெட்டி மேலிருந்து பார்த்தால் அது பிளான். செங்குத்தாக வெட்டிப் பார்த்தால் செக்‌ஷன். இரண்டையும் மனத்தில் கண்டு, அளவு பிசகாமல் தாளில் வைக்கத் தெரிய வேண்டும். கை பழகப் பழக அது வந்துவிடும். இடத்தைப் பற்றி யோசிப்பதில் உங்களுக்கு ஆர்வம் உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைச் செய்து பார்க்காமலே விண்ணப்பம் போடுவதுதான் ஆகப்பெரிய தவறு.

இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். டேப் எடுத்து நீங்கள் இருக்கும் அறையை அளந்து பாருங்கள். நான்கு சுவரோடு நிறுத்தாமல் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் சமமாக இல்லையென்றால் அறை கோணலாக இருக்கிறது. கதவு, ஜன்னலைத் துண்டு துண்டாக அளக்காமல், ஒரே மூலையிலிருந்து தொடர்ச்சியாக அளந்து குறியுங்கள். துண்டுகளைக் கூட்டும்போது ஒவ்வொன்றின் சிறு பிழையும் சேர்ந்து மொத்த நீளத்தில் இடிக்கும். பிறகு 1:50 அளவில் வரையுங்கள். 4 மீட்டர் சுவர் தாளில் 8 செ.மீ. வரும். சுவரை ஒற்றைக் கோடாகப் போட்டுவிடாமல் அதன் தடிமனையும் காட்டுங்கள்.

அடுத்தது படிக்கட்டு. தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 ரைசர் (படியின் செங்குத்தான ஏற்றம்) என்றால் ஒவ்வொரு படியும் சுமார் 167 மி.மீ. உயரம். கால் வைக்கும் டிரெட் 280 மி.மீ. இரண்டு ரைசரையும் ஒரு டிரெட்டையும் கூட்டினால் 614 வருகிறது. ஏறுவதற்கு வசதியான படிக்கு அந்தக் கூட்டல் ஏறத்தாழ 600 முதல் 640க்குள் இருக்கும். கணக்கு சரி. ஆனால் 18 ரைசருக்கு இடையே 17 டிரெட், அதாவது நேராகப் போட்டால் 4.76 மீட்டர். 4 மீட்டர் அறைக்குள் அடங்காது. டிரெட்டைக் குறைத்தால் இறங்கும்போது கால் முழுதாகப் பதியாது. ரைசரை உயர்த்தினால் வயதானவர்கள் ஏறச் சிரமப்படுவார்கள். லாண்டிங் (நடுவில் ஒரு சமதள மேடை) வைத்துத் திருப்பினால் அறையின் அகலம் போகும். இதை மூன்று விதமாகத் தீர்த்து வரைந்து, ஒருவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் குறைக்காக எல்லாவற்றையும் கலைத்துவிட்டு நான்காவதாக ஒன்று வரையுங்கள்.

கட்டடக்கலைக் கல்லூரியில் வடிவமைத்துப் பழகும் ஸ்டுடியோ வகுப்புகளின் சாரம் இதுதான். வரைவது, மாடல் செய்வது, ஜூரியில், அதாவது மதிப்பிடும் குழுவிடம், எல்லோர் முன்னும் நின்று விளக்குவது, குறை கேட்பது, மறுபடி வரைவது. நான்காவது வரைபடத்தில் எரிச்சலைவிட ஆவல் கூடுதலாக இருந்தால் தயங்காமல் படிக்கலாம். படிக்கட்டுக் கணக்கிலேயே சலித்துவிட்டால் அந்தச் சலிப்பை ஒதுக்கித் தள்ளாதீர்கள். பாலம் எப்படி நிற்கிறது என்பதுதான் உங்களை ஈர்க்கிறது என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் இருக்கிறது. அறைக்குள் இருக்கும் பொருளும் வண்ணமும் வெளிச்சமும்தான் என்றால் உள்ளலங்காரப் படிப்பு இருக்கிறது. கட்டடக்கலையில் கணிதமே வராது என்று நம்பிச் சேர்வதும் பிசகு: வடிவியல், முக்கோணவியல், விட்டத்தின் (பீம்) மேல் விழும் சுமைக் கணக்கு எல்லாம் வரும்.

காலக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். பல நாடுகளில் பட்டம் வாங்கியதும் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியாது; அதற்கான அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். யுனெஸ்கோவும் உலகக் கட்டடக்கலைஞர் ஒன்றியமும் சேர்ந்து வகுத்த சாசனம் குறைந்தது 5 ஆண்டுப் படிப்பையும், பதிவுக்கு முன் 2 ஆண்டு நடைமுறைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நாட்டுக்கு நாடு விதி மாறும். பல நாடுகளில் பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரையே பயன்படுத்த முடியாது. நீங்கள் சேரப்போகும் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதைக் கல்லூரியின் கையேட்டில் பார்க்காமல், பதிவு செய்யும் அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள். வேறு நாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அந்த நாட்டுப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியக் கட்டடக்கலைஞர் டடாவ் ஆண்டோ பல்கலைக்கழகம் போகாமல் தானே கற்று, கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 1995இல் பெற்றார் என்பது உண்மை. அதை நம்பிப் பட்டத்தைத் தவிர்த்தால், பதிவுக்குப் பட்டம் கேட்கும் நாடுகளில் கதவு அடைத்தே இருக்கும்.

கல்லூரியைப் பார்க்க ஆண்டிறுதிக் கண்காட்சி நாளில் போகாதீர்கள். அன்று சுவரில் தொங்குவது சிறந்த வேலைகள் மட்டும். பருவத்தின் நடுவில் ஒரு சாதாரண நாளில் போய், நடுத்தர மதிப்பெண் வாங்கிய ஒரு புராஜெக்டைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டுடியோவில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் தனி மேசை உண்டா, மரவேலைப் பட்டறை எத்தனை மணிவரை திறந்திருக்கும், பிரின்ட்டுக்கும் மாடல் அட்டைக்கும் பருவத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று மாணவர்களிடமே கேளுங்கள். கட்டணம் மட்டும் கணக்குப் போட்டு வருபவர்களை இந்தக் கடைசிச் செலவுதான் திணறடிக்கிறது. இரவுகளில் தூங்குகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். விடிய விடிய வேலை செய்வதைப் பெருமையாகச் சொல்லும் இடத்தில் கவனமாக இருங்கள்: தூக்கமில்லாத கையில் கட்டர் பிளேடு இருந்தால் விரல்தான் வெட்டுப்படும்.

சேர்வதற்கு முன்பே விலையுயர்ந்த லேப்டாப் வாங்கிவிடாதீர்கள். பல இடங்களில் தொடக்கத்தில் கையால்தான் வரையச் சொல்வார்கள். எந்த மென்பொருள், எந்த ஆண்டில் என்று தெரிந்தபின், அது கேட்கும் கிராபிக்ஸ் கார்டைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.