சில்வர் ஓக்கில் ஈட்டிமர மாங்காய்: சின்ன சிஎன்சியில் இடைவெளி தெரியாமல் மரம் பதிப்பது எப்படி

கணினி சொல்லும் கோட்டில் மரத்தைச் செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷின் வாங்கி, பெயர்ப் பலகையும் சாவிக்கொத்தும் செதுக்கி அலுத்தவர்கள் அடுத்து ஆசைப்படுவது ஒரு மரத்துக்குள் இன்னொரு மரத்தைப் பதிக்கும் வேலைக்குத்தான். வெட்டிப் பார்த்தால் துண்டு குழிக்குள் இறங்காது, இறங்கினாலும் சுற்றிலும் பென்சில் கோடு போட்ட மாதிரி இடைவெளி நிற்கும். மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே அளவுதானே கொடுத்தேன் என்று தோன்றும். ஆனால் திரையில் இருக்கும் 40.00 மி.மீ. மரத்தில் 40.00 ஆக வருவதில்லை. உங்கள் மெஷின், அதில் சுழன்று வெட்டும் பிட், மேசையில் இருக்கும் மரம், மூன்றும் சேர்ந்து எவ்வளவு கூடவோ குறையவோ வெட்டுகின்றன என்ற எண்ணைப் பிடிப்பதுதான் இந்த வேலையே.

உதாரணத்துக்கு 40 மி.மீ. நீளமுள்ள ஒரு மாங்காய் வடிவம் எடுத்துக்கொள்வோம், புடவைக் கரையில் வருமே அது. சேலத்துக்காரர்கள் மாங்காயை விட்டு வேறு எதில் ஆரம்பிப்பது என்பது ஒரு பக்கம். வளைவு, கூர் முனை, உள்ளே மடியும் இடுக்கு எல்லாம் ஒரே வடிவத்தில் இருப்பதால் சோதனைக்கும் இதுதான் சரி. மெஷின் 3018 வகை (சுமார் 30 × 18 செ.மீ. வெட்டும் பரப்பு), பிட் 2 மி.மீ. டவுன்கட் எண்ட் மில், அதாவது தட்டையான முனையுள்ள பிட். சாதாரண அப்கட் பிட் மரநாரை மேல்நோக்கி இழுத்துக் குழியின் விளிம்பைப் பிய்த்துவிடும், டவுன்கட் கீழே அழுத்தி வெட்டுவதால் விளிம்பு சுத்தமாக வரும்.

மரம்

அடிப்பலகைக்கு சில்வர் ஓக். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்து மிளகுக்கொடி ஏற்றுவார்களே அதே மரம், வெளிர் நிறம், வெட்டவும் எளிது. பதிக்கும் துண்டுக்கு ஈட்டி, ரோஸ்வுட் என்பார்களே அந்தக் கருமரம். புதிதாக வாங்க வேண்டாம், பழைய கட்டில் சட்டமோ உடைந்த நாற்காலிக் காலோ உங்கள் ஆசாரியிடம் கேட்டால் கிடைக்கும்.

இங்கே அவசரப்படக் கூடாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மேகத்துக்குள்ளேயே கிடக்கும் தோட்டத்துப் பலகையை அப்படியே கீழே இறக்கி வெட்டினால், சித்திரை வெயிலில் அது சுருங்கத்தான் செய்யும். மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்கேதான் விரியும், சுருங்கும். அதனால் இரண்டு மரத்தையும் வேலை செய்யும் அறையிலேயே சில வாரம் காற்றாட வைத்துவிட்டு, பதிக்கும்போது இரண்டின் நாரும் ஒரே திசையில் ஓடும்படி வையுங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பதித்தது முதல் நாள் கச்சிதமாக இருந்தாலும் ஒரு கோடை தாண்டினால் விளிம்பில் விரிசல் காட்டும்.

மெஷினைச் சோதிப்பது

எக்ஸ் அச்சை 100 மி.மீ. நகரச் சொல்லி, நிஜமாக எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால், கண்ட்ரோலரில் இருக்கும் ஸ்டெப் எண்ணை (ஒரு மி.மீ. நகர மோட்டார் எடுக்கும் அடிகள்) 100-ஆல் பெருக்கி, நகர்ந்த அளவால் வகுத்து வரும் புதிய எண்ணைக் கொடுக்கலாம். ஒய் அச்சுக்கும் இதே கணக்கு. அப்புறம் ஒரு வட்டம் வெட்டுங்கள். வட்டத்தின் நான்கு பக்கங்களிலும் சின்னதாகத் தட்டையாகவோ படி மாதிரியோ தெரிந்தால் அச்சை நகர்த்தும் திருகுத்தண்டான லீட் ஸ்க்ரூவின் நட்டில் ஆட்டம் இருக்கிறது, அதை இறுக்காமல் மேலே போவதில் அர்த்தமில்லை.

வரைபடம்

நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான். பிட் உருண்டையானது, 2 மி.மீ. பிட் குழியின் உள்மூலையில் 1 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போக முடியாது. மாங்காயின் கூர் முனை குழியில் மழுங்கித்தான் வரும், அதே முனை துண்டில் ஊசியாக வரும். உள்ளே மடியும் இடுக்கில் நேர்மாறாக, குழியில் கூராகவும் துண்டில் மழுங்கலாகவும் வரும். இரண்டு இடத்திலும் துண்டு முட்டிக்கொண்டு உள்ளே போகாது.

தீர்வு, வெட்டும் முன்பே இரண்டு வகை மூலையையும் வரைபடத்தில் மழுக்கிவிடுவது. இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் வடிவத்தை 1.1 மி.மீ. உள்ளே சுருக்கி, பிறகு அதே 1.1 வெளியே விரியுங்கள், முனை உருண்டுவிடும். அடுத்து 1.1 வெளியே விரித்து, 1.1 உள்ளே சுருக்குங்கள், இடுக்கும் உருண்டுவிடும். பிட்டின் ஆரத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வைப்பது, பிட் மூலையில் நின்று அரைக்காமல் வளைந்து போவதற்காக. குழிக்கும் துண்டுக்கும் இந்த ஒரே கோட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

துண்டின் கோட்டை மட்டும் இடம் வலம் மாற்றிக் கண்ணாடிப் பிம்பமாக வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகத் திருப்பிப் பதிக்கப் போகிறோம். ஹாபி மெஷினில் பிட் கொஞ்சம் வளையும், அதனால் துண்டின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஒரு மயிரிழை அகலமாக வரும், குழியோ அடியில் ஒரு மயிரிழை குறுகும். அப்படியே இறக்கினால் முட்டிக்கொள்ளும். திருப்பி இறக்கினால் குறுகிய பக்கம் கீழே போய், அகலமான பக்கம் மேலே ஆப்பு மாதிரி இறுகும்.

அந்த எண்

ஈட்டியில் 20 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள், மூலைகளை மேலே சொன்னபடி உருட்டி. சில்வர் ஓக்கில் நான்கு குழிகள்: 20.0, 20.1, 20.2, 20.3. அதாவது பக்கத்துக்கு 0, 0.05, 0.10, 0.15 மி.மீ. தளர்வு. எந்தக் குழியில் துண்டு கட்டைவிரல் அழுத்தலுக்குப் பாதிவரை போய், மரச்சுத்தியலால் லேசாகத் தட்டினால் முழுதும் இறங்குகிறதோ அதுதான் உங்கள் எண். பெரும்பாலும் 0.05-க்கும் 0.10-க்கும் நடுவில் வரும். மாங்காய் வெட்டும்போது குழியின் கோட்டை மட்டும் பக்கத்துக்கு இந்த அளவு வெளியே விரித்துக்கொள்ளுங்கள். சுத்தியலை ஓங்க வேண்டியிருந்தால் அது இறுக்கம் அதிகம், பசையில் இருக்கும் தண்ணீர் பட்டு மரம் உப்பினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். பிட்டை மாற்றினாலும் மரத்தை மாற்றினாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்யத்தான் வேண்டும்; போன மாதத்து எண்ணை நம்பி நல்ல பலகையில் இறங்காதீர்கள்.

வெட்டு

குழி 3 மி.மீ. ஆழம், துண்டு 4 மி.மீ. கனம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் 1 மி.மீ. தேய்த்து எடுப்பதற்கு. பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 10,000 சுற்று, நகர்வு நிமிடத்துக்கு 400 மி.மீ., ஒவ்வொரு தடவையும் 0.5 மி.மீ. ஆழம். முதலில் சுவரில் 0.2 மி.மீ. மிச்சம் விட்டு வெட்டிவிட்டு, கடைசியாக ஒரு சுற்று அதை மட்டும் சீவுங்கள். சுமை குறைந்தால் பிட் வளைவதும் குறையும். குழி முடிந்ததும் பிட்டை அதைப் பிடிக்கும் கவ்வியான கோலட்டிலிருந்து கழற்றாமல், பலகையை மாற்றி இசட் ஜீரோ (பிட் முனை மரத்தின் மேற்பரப்பைத் தொடும் உயரம்) மட்டும் வைத்துத் துண்டை வெட்டுங்கள்.

துண்டைப் பிடிக்க மேசையில் ஒரு மாஸ்கிங் டேப், மரத்தின் அடியில் ஒரு மாஸ்கிங் டேப், நடுவில் சூப்பர் குளூ. துண்டு கழன்று போகாமல் பலகையோடு பிடித்திருக்க விடும் இணைப்புப் பாலம் வேண்டவே வேண்டாம், அதைச் சீவி எடுக்கும் இடத்தில்தான் விளிம்பு கெடும். முகக்கவசம் போடுங்கள், ஈட்டித் தூள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது.

ஒட்டுவதும் தேய்ப்பதும்

மரப்பசையைக் குழியின் சுவரில் மெல்லிசாகத் தடவுங்கள், அடியில் ஒரு சொட்டு போதும். கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். தேய்க்கும் முன் வெளிர் மரத்தின் மேல் அரக்கு பாலிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிடுவது முக்கியம், இல்லாவிட்டால் ஈட்டியின் கருந்தூள் சில்வர் ஓக்கின் துளைகளில் இறங்கி அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும். பிறகு தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி 120, 180, 240 என்று நார் போகும் திசையில் தேயுங்கள். விரலால் தேய்த்தால் மென்மையான மரம் பள்ளமாகி, ஈட்டி மேடாக நிற்கும்.

முனை கூராகவே வேண்டும் என்றால்

அதற்கு 60 டிகிரி வி பிட், வி எழுத்து மாதிரி கூம்பாக முடியும் பிட். மூலைக்குப் போகப் போக பிட் மேலே ஏறுவதால் முனை கூராகவே வரும். மென்பொருளில் குழிக்குத் தொடக்க ஆழம் (வடிவத்தின் கோடு மேற்பரப்பிலிருந்து எவ்வளவு கீழே இருப்பதாகக் கணக்கு) 0, அடி ஆழம் 5 மி.மீ. துண்டுக்கு, கண்ணாடிப் பிம்பமாக, தொடக்க ஆழம் 4, அதற்குக் கீழே இன்னும் 2; இதில் துண்டைத் தனியாகப் பிரிக்காமல், சுற்றிலும் மட்டும் குடைந்து கட்டையோடு கவிழ்த்துப் பதிக்க வேண்டும். இப்படிக் கொடுத்தால் துண்டு 4 மி.மீ. உள்ளே போய், அடியில் 1 மி.மீ. பசைக்கு இடம் விட்டு, மேலே 2 மி.மீ. ரம்பம் ஓட வழி விடும். சரிவுச் சுவர் என்பதால் அழுத்த அழுத்த இறுகும். இதில் தளர்வு எண் தேவையில்லை, ஆனால் இசட் ஜீரோவில் 0.1 மி.மீ. பிசகினால் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 0.06 மி.மீ. வித்தியாசம். பலகை வளைந்திருந்தால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் வாய் பிளக்கும், எனவே இரண்டு மரத்தையும் முதலில் அதே மெஷினில் மேற்பரப்புச் சீவிக்கொள்ளுங்கள். பசை காய்ந்ததும் அந்த 2 மி.மீ. இடைவெளியில் ரம்பத்தை விட்டு மேல்கட்டையை அறுத்து எடுத்துவிட்டால், மிச்சம் முன்பு சொன்ன அதே தேய்ப்பு வேலைதான்.