தாளிப்பு வடகம் போடுவது எப்படி (பால்கனி வெயில் மட்டும் உள்ளவர்களுக்கும்)

கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் சித்திரை பிறந்துவிட்டால் மொட்டை மாடிகளில் முறம் முறமாக வெங்காய வடகம் காயும். எங்கள் வீட்டில் அதை வடவம் என்போம். பொரித்துத் தின்கிற அரிசி வடகம் வேறு, இது தாளிப்புக்கு மட்டும். ஒரு உருண்டையை உதிர்த்து எண்ணெயில் போட்டால் கடுகு, வெந்தயம், பூண்டு என்று தனித்தனியாக டப்பா திறக்கிற வேலை மிச்சம். புதுச்சேரி வழியாக பிரான்ஸ் போய் அங்கே வடுவான் என்று மசாலாவாக விற்பதும் இதிலிருந்து வந்ததுதான், ஆனால் அதைப் போட்டு மீன் குழம்பு தாளிக்கலாமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) அளவெல்லாம் கைதான். "கடுகு ஒரு கை, வெந்தயம் அதுல பாதி" என்பார். அந்தக் கையளவைத் தராசில் நிறுத்துக் கிலோ கணக்குக்குக் கொண்டுவந்தது இது:

சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 200 கிராம், தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், கல் உப்பு 3 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 1 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கடைசியில் விளக்கெண்ணெய் 3 மேசைக்கரண்டி.

பெரிய வெங்காயம் வேண்டாம். தண்ணீர் அதிகம், காய்வதற்குள் உயிரை எடுத்துவிடும். விளக்கெண்ணெய் செக்கில் ஆட்டிய, சமையலுக்கென்று விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். பேதிக்கு என்று விற்கிற பாட்டிலைக் கொண்டுவராதீர்கள்.

முதலில் வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். உரல் இருந்தால் அதுதான் சரி. வெங்காயத்தின் மேல் தோலை மட்டும் எடுத்தால் போதும், பூண்டை உரிக்கவே வேண்டாம், தோலோடு நசுக்கலாம். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டுவிட்டு ஒரு சுற்று, அவ்வளவுதான். விழுதாகிவிட்டால் வடகம் இல்லை, சட்னி. என்னைக் கேட்டால் மிக்ஸியைவிடக் கத்தியே மேல், நேரம் ஆகும், கண் எரியும், ஆனால் துண்டு துண்டாக நிற்கும்.

விளக்கெண்ணெய் தவிர மற்ற எல்லாவற்றையும் இதோடு பிசைந்து ஒரு மண் சட்டியிலோ பீங்கான் ஜாடியிலோ மூடி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். உளுந்து, கடுகு எதையும் வறுக்கவோ ஊறவைக்கவோ வேண்டாம். உப்பும் புளிப்பும் சேர்ந்து நிற்பதால் அலுமினியப் பாத்திரம் ஆகாது.

இப்போது எல்லாரும் தடுக்கி விழுகிற இடம். காலையில் சட்டியைத் திறந்தால் அடியில் வெங்காயத் தண்ணீர் நிற்கும். பலர் அதைக் கொட்டிவிட்டுக் கலவையை மட்டும் காயவைக்கிறார்கள், சீக்கிரம் காயும் என்று. காயும்தான், வாசனை சாக்கடையில் போயிருக்கும். கலவையைப் பிழிந்து உருண்டை பிடித்து ஒரு தட்டில் வெயிலில் வையுங்கள், தண்ணீரை சட்டியோடு அப்படியே விடுங்கள் (சட்டியையும் வெயிலில் வைப்பது நல்லது). சாயங்காலம் உருண்டைகளை உடைத்து அதே தண்ணீரில் போட்டுப் பிசைந்து மூடிவிடுங்கள். உளுந்தும் வெந்தயமும் ராத்திரி முழுக்க அதைக் குடிக்கும். மறுநாள் மறுபடி பிழி, காயவை, மாலையில் மறுபடி போடு. நல்ல அக்னி நட்சத்திர வெயில் என்றால் மூன்று நாலு நாளில் தண்ணீர் மொத்தமும் உள்ளே போய்விடும், சட்டி அடி காய்ந்து பிசுபிசுப்பு மட்டும் இருக்கும். அதுதான் அடையாளம், நாள் கணக்கைப் பார்க்காதீர்கள்.

அப்புறம் விளக்கெண்ணெயை ஊற்றி நன்றாகப் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக அழுத்திப் பிடியுங்கள். துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வைக்கிற அதே காரணம்தான், வண்டு வராது. கெட்டியான எண்ணெய் என்பதால் உருண்டையும் உதிராமல் நிற்கும். நல்லெண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இனி இன்னொரு வாரம், பத்து நாள் வெயில். ஆயாவின் உருண்டைகள் ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கும், ஏனென்றால் அவருக்கு மாடி முழுக்க வெயில். பால்கனியில் அரை நாள் வெயில் வாங்குகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். வெளியே கறுத்துக் கல்லாகத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும், ஜாடியில் போட்ட பத்தாம் நாள் பூசணம். ஒன்றை உடைத்து நடுவில் விரலால் நசுக்கிப் பாருங்கள். பிசுக்கு இருக்கலாம், அது எண்ணெய். ஆனால் ஜில்லென்றோ மெத்தென்றோ இருந்தால் இன்னும் காய வேண்டும்.

காய்ந்ததும் ஜாடியில் போட்டு வெள்ளைத் துணியால் வாய் கட்டிவிடுங்கள். வருடம் தாங்கும். நாளாக நாளாக நிறம் கறுக்கும், வாசனை ஏறும்.

தாளிக்கும்போது நல்லெண்ணெய், சின்ன தீ. உதிர்த்துப் போட்டு உளுந்து சிவக்கிற வரை பொறுங்கள், அவசரப்பட்டால் வெந்தயம் கருகிக் கசக்கும். மீன் குழம்புக்கும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கும் முதலிலேயே தாளிக்க வேண்டும், கீரை மசியலுக்குக் கடைசியில் கொட்ட வேண்டும். இதில் உப்பு இருக்கிறது, குழம்புக்குக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள்.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் நிறைய பேர் கேட்டதால் இரண்டு விஷயம்.

வெயிலே இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் ஓவனில் செய்யலாம். தண்ணீர் முழுக்க வற்றிய பிறகு, 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, உருண்டை பிடிக்காமல் உதிரியாகப் பரப்பி, கதவை லேசாகத் திறந்துவைத்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள். விளக்கெண்ணெயை ஆறிய பிறகு பிசறினால் போதும். வெயில் வடகத்தின் மணம் வராது, முக்கால்வாசி வரும்.

காயும்போது நடுவில் மழை வந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஃபேனுக்கு அடியில் துணியில் பரப்பி, அடுத்த வெயிலுக்குக் காத்திருங்கள். ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும், உப்பு இருக்கிறது. மேலே வெள்ளையாகப் படர்ந்துவிட்டால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.