ஸ்பானியச் சொற்களில் அரபு வேரைக் கண்டறியும் முறை

ஒரு ஸ்பானியச் சொல் அரபியிலிருந்து வந்ததா என்று அறிய, முதலில் அதன் தொடக்கத்தைக் கவனியுங்கள். 711 முதல் 1492 வரை ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் ஆட்சி நிலவிய காலத்தில் கடன்பெற்ற பெயர்ச்சொற்கள் பல, 'அல்' என்னும் அரபுச் சுட்டையும் (ஆங்கிலத்தின் 'the' போன்றது) ஒட்டிக்கொண்டே வந்தன. பருத்தியைக் குறிக்கும் 'அல்-குத்ன்' அவ்வாறே 'அல்கொதோன்' ஆயிற்று.

அடுத்து, 'அ' மட்டும் எஞ்சிய சொற்களைத் தேடுங்கள். ஸ, ர போன்ற ஒலிகளுக்கு முன் அரபியிலேயே லகரம் மறைந்து அடுத்த மெய் இரட்டிப்பதால், 'அஸ்-ஸுக்கர்' சர்க்கரையைக் குறிக்கும் 'அசூகர்' ஆகவும், 'அஸ்-ஸாகியா' பாசன வாய்க்காலைக் குறிக்கும் 'அசேகியா' ஆகவும் மாறின. கிழக்கு ஸ்பெயினிலுள்ள வலென்சியாவின் வயல்களுக்கு நீர் தரும் வாய்க்கால்களை மக்கள் இன்றும் இப்பெயராலேயே அழைக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த சான்று.

பிறகு அண்டை மொழியோடு ஒப்பிடுங்கள். ஸ்பெயினின் வடகிழக்கில் பேசப்படும் காத்தலான் மொழியில் சர்க்கரை 'சுக்ரே', பருத்தி 'கொத்தோ'. அங்கே சுட்டு இல்லாததால், ஸ்பானிய வடிவத்தில் ஒட்டியிருப்பது தெளிவாகத் தெரியும்.

தொடக்க ஒலியை மட்டும் நம்பிவிடாதீர்கள்: ஆன்மாவைக் குறிக்கும் 'அல்மா', 'அனிமா' என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது.