தொழிலுக்கு உருவப்படம் வரையச் சொல்லும் முன்

படம் எங்கெல்லாம் போகப்போகிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள். லிங்க்ட்இன் போன்ற தளங்களில் சதுரப் படம் வட்டமாக வெட்டப்படும், நான்கு மூலையும் போய்விடும். பின்னூட்டத்துக்குப் பக்கத்தில் அதே படம் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கும். அங்கே சட்டையின் கோடுகளும் கையிலிருக்கும் பேனாவும் தெரியாது. முடியின் வடிவம், கண்ணாடி, தாடி, சிரிப்பு, இவ்வளவுதான் மிஞ்சும். ஆகவே முகம் வட்டத்தில் பாதிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், பின்னணி ஒரே நிறமாக இருந்தால் போதும்.

ஓவியரைத் தேர்ந்தெடுக்கும்போது அழகை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அவர் வரைந்த இரண்டு மூன்று முகங்களை, மூலப் புகைப்படங்களோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். சாயல் பிடிக்கத் தெரிந்தவரா என்பது அப்போதுதான் புரியும். வாட்டர்கலர்காரரிடம் போய் தட்டையான வெக்டர் படம் (எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத கணினிப் படம்) கேட்காதீர்கள். அவர் பாணி பிடித்திருந்தால் மட்டும் அவரிடம் போங்கள்.

படம் கெடுவது பெரும்பாலும் நாம் அனுப்பும் புகைப்படத்தால்தான். கை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். ஓவியர் அதை அப்படியே வரைவார். ஃபோனை இன்னொருவரிடம் கொடுத்து, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூமில் எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், தலைக்கு மேல் எரியும் விளக்கு கண்ணைக் குழியாக்கும். நேராக ஒன்று, முகத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் கொஞ்சம் திருப்பி ஒவ்வொன்று, சிரித்தபடி ஒன்று, கண்ணாடி அணிபவரானால் கழற்றி ஒன்று என ஐந்து படம் போதும். பல ஃபோன்களின் முன் கேமரா இடவலம் மாற்றிச் சேமிக்கும். அதைக் கலந்து அனுப்பினால் வகிடும் மச்சமும் பக்கம் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தெளிவு குறையாது.

பேச்சை எழுத்தில் வையுங்கள்: தொகை, அட்வான்ஸ், நாள், எத்தனை திருத்தம், விளம்பரத்திலும் அச்சிலும் பயன்படுத்தும் உரிமை. பணம் கொடுத்தாலே பதிப்புரிமை எல்லா இடத்திலும் நம்முடையதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இது நாட்டுக்கு நாடு மாறும், எழுதி வாங்குவதே பாதுகாப்பு. ஏஐ கொண்டு உருவாக்கக் கூடாது என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள்.

ஸ்கெட்ச் வந்ததும் அவசரப்பட்டு ஓகே சொல்லாதீர்கள். தலையின் கோணம், தாடையின் அகலம், கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாம் இங்கேதான் சரியாக வேண்டும். கலர் போட்டபின் தாடையைத் தொட்டால் பாதிப் படத்தை மறுபடி வரைய வேண்டிவரும். நமக்குப் பழக்கம் கண்ணாடியில் பார்க்கும் இடவலம் மாறிய முகம், ஆகவே சரியாக வரைந்த படமும் நமக்கு அந்நியமாகத் தெரியலாம். உங்களைத் தினமும் பார்க்கும் இருவரிடம், யாரென்று சொல்லாமல் காட்டுங்கள். "ஏதோ குறையுது" என்றால் ஓவியருக்கு ஒன்றும் புரியாது. "கன்னம் அகலம், மேலுதடு தடிமன்" என்றால் ஒரே திருத்தத்தில் முடியும். பிறகு படத்தை 48 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஆள் தெரிய வேண்டும்.

கடைசித் தவணைக்கு முன் ஃபைல்களைத் திறந்து பாருங்கள். இணையத்துக்குப் பிஎன்ஜி, குறைந்தது 2000 பிக்சல் சதுரம். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி. திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே எனும் நான்கு மை அச்சில் மங்கும் என்பதால் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பாருங்கள். வெக்டர் என்று எஸ்விஜி ஃபைல் தந்தால் 800 சதவீதம் பெரிதாக்குங்கள். ஓரம் கட்டம் கட்டமாக உடைந்தால், உள்ளே ஒட்டியிருப்பது பிஎன்ஜி போன்ற வெறும் பிக்சல் படம். கண்ணாடி, முடி எனத் தனித்தனி அடுக்காக (லேயர்) பிரித்த மூல ஃபைலையும் முதலிலேயே விலை பேசி வாங்குங்கள். இரண்டு வருடத்தில் கண்ணாடி மாறும், முடி நரைக்கும்; லேயர் இருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.